நீதிமன்ற அவமதிப்பும் விளக்கம் கேட்கும் நோட்டீசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டு உத்தரவு வாங்கிய பலர், சில மாதங்களில் அதே வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். "உத்தரவு வந்துவிட்டது, அதிகாரி அசையவில்லை" என்கிறார்கள். மறுபுறம், அவமதிப்பு நோட்டீஸ் கையில் கிடைத்ததும் தூக்கம் கெட்டு வருபவர்களும் உண்டு. இரு தரப்பும் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கணக்கில் மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் தந்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுடையவை. உங்கள் வழக்கின் தாள்களைப் பார்த்து வழக்கறிஞர் சொல்லும் கருத்துக்கு இது மாற்றாகாது.

நீதிமன்ற அவமதிப்பு என்றால் நீதிபதியைத் திட்டுவதுதானே? என் பட்டா வழக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அவமதிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றத்தின் தீர்ப்பு, தீர்ப்பாணை (டிக்ரி), உத்தரவு ஆகியவற்றை வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்தில் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் உரிமையியல் அவமதிப்பு. நீதிமன்றத்தின் மீது களங்கம் கற்பிப்பது, நடக்கும் வழக்கைப் பாதிப்பது, நீதி வழங்கும் பணியில் குறுக்கிடுவது ஆகியவை குற்றவியல் அவமதிப்பு.

செய்தித்தாளில் பெரிதாக வருவது இரண்டாவது வகை. சாதாரண மனிதரின் வாழ்க்கையைத் தொடுவது முதல் வகை. பட்டா, ஓய்வூதியம், கருணை அடிப்படையிலான வேலை, ஆக்கிரமிப்பு அகற்றம் போன்ற வழக்குகளில் உத்தரவு வந்தும் எதுவும் நடக்கவில்லையென்றால், பேச வேண்டியது உரிமையியல் அவமதிப்பைப் பற்றித்தான்.

கோர்ட் உத்தரவு போட்டும் தாசில்தார் கண்டுகொள்ளவே இல்லை. உடனே அவமதிப்பு வழக்குப் போடலாமா?

முதலில் உத்தரவின் கடைசிப் பத்தியை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் அதைப் படித்திருப்பதில்லை. "ஜெயித்துவிட்டோம்" என்று கேட்டதோடு சரி. பட்டா கொடு என்று உத்தரவா, அல்லது "மனுவைப் பரிசீலித்து, தகுதியின் அடிப்படையில், 12 வாரத்துக்குள் முடிவெடு" என்று உத்தரவா? இரண்டும் வேறு வேறு. அவமதிப்பு நீதிமன்றம் அந்த நான்கு வரிகளைத் தாண்டி ஒன்றும் தராது. மூல உத்தரவில் இல்லாத நிவாரணத்தை அவமதிப்பு மனுவில் சேர்த்துக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

அடுத்து, கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் "உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து" என்றே எழுதியிருப்பார்கள். அப்படியானால் நீங்கள் நகலை அனுப்பாதவரை கெடு தொடங்கவே இல்லை. சான்றிட்ட நகலை ஒரு முகப்புக் கடிதத்துடன் பதிவு வசதியுள்ள விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்), கிடைத்ததற்கான சான்று வரும்படி அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் வலுவிழந்த வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சட்டத்தில் உள்ள "வேண்டுமென்றே" என்ற சொல். உத்தரவு தெரிந்திருந்தும், நிறைவேற்ற முடிந்திருந்தும், செய்யாமல் விட்டார் என்று காட்ட வேண்டும். நில அளவை நடக்கவில்லை, ஆவணம் வேறு அலுவலகத்தில் சிக்கியிருக்கிறது என்பது போன்ற உண்மையான தடைகள் இருந்தால் அது தாமதம்தான், அவமதிப்பாகிவிடாது. கெடு முடிந்ததும் வழக்கறிஞர் மூலம் ஒரு நினைவூட்டல் நோட்டீஸ் அனுப்பினால், அதற்கு வரும் பதிலோ வராத பதிலோ இந்த இடத்தில் உங்களுக்கு உதவும்.

அதிகாரி என் மனுவைப் பரிசீலித்தார். ஆனால் தள்ளுபடி செய்துவிட்டார். நீதிமன்றத்தையே ஏமாற்றியதாக ஆகாதா?

உங்கள் உத்தரவு "பரிசீலி" என்று மட்டும் சொல்லியிருந்தால், ஆகாது. பரிசீலித்தார், உங்களுக்குப் பாதகமாக முடிவெடுத்தார். அந்த முடிவு தவறாகவே இருக்கலாம். ஆனால் அது புதிய உத்தரவு. அதை எதிர்த்துப் புதிதாகத்தான் வழக்குப் போட வேண்டும். 1996இல் ஜே.எஸ். பரிஹார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நீதிமன்றமே தீர்மானித்துவிட்ட பிறகு, அதே பழைய காரணத்தைச் சொல்லி அதிகாரி மீண்டும் மறுத்தால், அது பரிசீலனை என்ற பெயரில் தீர்ப்பைப் புறக்கணிப்பது. அப்போது அவமதிப்பு மனுவுக்கு நியாயம் இருக்கிறது. ஆகவே மறுப்பாணை வந்ததும் அதன் காரணங்களை மூல உத்தரவுடன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எத்தனை நாளைக்குள் மனு போட வேண்டும்? அலைந்து அலைந்தே காலம் போய்விட்டது.

அவமதிப்பு நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஒரு வருடம். சட்டத்தின் 20ஆம் பிரிவு இது. ஓர் எடுத்துக்காட்டு: நகல் தாசில்தாருக்குப் பிப்ரவரி 3 அன்று கிடைக்கிறது, கெடு 12 வாரம். லீப் ஆண்டு இல்லையென்றால் ஏப்ரல் 28 அன்று கெடு முடியும். அவமதிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு வருடக் கணக்கும் அங்கிருந்துதான். அந்த ஒரு வருடத்துக்குள் நீங்கள் மனுவைத் தாக்கல் செய்துவிட்டால் போதும், நீதிமன்றம் நடவடிக்கை தொடங்குவது பின்னால் நடந்தாலும் பாதகமில்லை என்று 2001இல் பல்லவ் ஷேத் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

"இன்றுவரை செய்யவில்லை, ஆகவே தினமும் அவமதிப்புதான்" என்று சிலர் ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள். இந்த வாதத்தை நம்பாதீர்கள். குறித்த நாளுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது அந்த நாளோடு முழுமையடைந்த மீறல், அதன் விளைவு நீடிப்பதால் மீறலும் நீடிப்பதாகாது என்ற பார்வையை 2024இல் உச்ச நீதிமன்றம் வலுப்படுத்தியிருக்கிறது. அதிகாரி "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லிச் சொல்லியே பதினோரு மாதம் ஓட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான். நாட்காட்டியில் கடைசி நாளைக் குறித்து வையுங்கள்.

உத்தரவு வந்தபோது இருந்த தாசில்தார் மாறுதலாகிப் போய்விட்டார். யார் பெயரில் போடுவது?

ரிட் மனுவில் பதவியைக் குறிப்பிட்டால் போதும். அவமதிப்பு என்பது தனிமனிதர் மீதான குற்றச்சாட்டு என்பதால், பெயரைச் சொல்லியாக வேண்டும். கெடு முடிந்த நாளில் அந்த நாற்காலியில் யார் இருந்தார், உத்தரவு அவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி. மாறுதலோ ஓய்வோ அவரைக் காப்பாற்றாது.

புதிதாக வந்தவரை உத்தரவு கட்டுப்படுத்தும். ஆனால் அவருக்கும் நகலை அனுப்பி, நியாயமான அவகாசம் கொடுத்த பிறகே அவர் மீது குற்றம் சொல்வது முறை. பல நேரங்களில் அந்தக் கடிதமே வேலையை முடித்துவிடுகிறது.

முன்சீப் கோர்ட்டில் உறுத்துக் கட்டளை (இன்ஜங்ஷன்) வாங்கியிருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் அதை மீறி வேலியைப் பிடுங்கிவிட்டார். உயர் நீதிமன்றத்துக்குப் போகட்டுமா?

வேண்டாம், உங்களுக்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. இடைக்கால உறுத்துக் கட்டளை மீறப்பட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39 விதி 2ஏ-யின் கீழ் அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவும், மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஜப்தி ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்காது. அதன் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று உங்களுக்கு இழப்பீடு தரவும் முடியும். உயர் நீதிமன்ற அவமதிப்பில் வசூலாகும் அபராதம் உங்கள் கைக்கு வராது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வழக்கு முடிந்து நிரந்தர உறுத்துக் கட்டளையாகத் தீர்ப்பாணை வந்துவிட்டதென்றால், கட்டளை 21 விதி 32இன் கீழ் நிறைவேற்று மனு (தீர்ப்பாணையை அமல்படுத்தக் கேட்கும் மனு) போட வேண்டும். கீழமை நீதிமன்ற உத்தரவுகள் மீறப்பட்டால் தண்டிக்கும் அதிகாரம் 10ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு உண்டுதான். ஆனால் நிறைவேற்று மனு என்ற நேர்வழி இருக்கும்போது அவமதிப்பைக் கடன் வசூலுக்கான குறுக்குவழியாகப் பயன்படுத்த நீதிமன்றங்கள் விடுவதில்லை.

கணவர் ஜீவனாம்சம் கட்டுவதில்லை. இதுவும் அவமதிப்புதானே?

மேலே சொன்னதுதான்: முதலில் நிறைவேற்று மனு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவு. காரணமின்றிக் கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை என்ற ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால், மொத்தமாகச் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "ஏன் தண்டிக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்" என்று இருக்கிறது. தண்டனை முடிவாகிவிட்டதா?

இல்லை. இந்த வாசகம் பயமுறுத்துவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது உங்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு. கேட்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பதால் வரும் அழைப்பு அது. உங்கள் விளக்கத்தைப் பார்த்த பிறகு நீதிமன்றம் வழக்கை முடித்துவிடலாம், நிறைவேற்ற அவகாசம் தரலாம், அல்லது தொடர்ந்து விசாரித்து அவமதிப்பு நடந்ததா என்று தீர்மானிக்கலாம். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகுதான் தண்டனை பற்றிய பேச்சு. சந்தேகம் இருந்தால் அதன் பலன் உங்களுக்குத்தான். அவமதிப்பு நடவடிக்கை கிட்டத்தட்ட ஒரு குற்ற வழக்கு போன்றது, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. உத்தரவை இன்னும் நிறைவேற்ற முடியுமென்றால் இன்றே நிறைவேற்றுங்கள். விளக்கம் எழுதுவது அதற்கு அடுத்த வேலை. பிறகு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள்: நகல் எந்த நாளில் கிடைத்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே தடைபட்டது, இப்போது நிலை என்ன, தேதிகளோடு. கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடுவது பதிலாகாது. மூல உத்தரவு தவறு என்று அதில் வாதாடுவதும் பயனற்றது; அதற்கான இடம் மேல்முறையீடு.

நேரில் போக வேண்டுமா? வக்கீல் போனால் போதாதா?

நோட்டீஸில் நேரில் ஆஜராகச் சொல்லியிருந்தால் போக வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே மனு போட்டு அனுமதி பெற வேண்டும். சொல்லாமல் வாய்தாவைத் தவறவிட்டால் பிடியாணை வரும். உங்கள் மீது நீதிமன்றத்துக்கு அதுவரை இல்லாத கெட்ட எண்ணமும் கூடவே வரும்.

அரசு அதிகாரிகளை நேரில் வரவழைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது. வழக்கமாக வரச் சொல்லக் கூடாது, தேவைப்பட்டாலும் முதலில் காணொலி வாய்ப்பைத் தர வேண்டும், அவமதிப்பு வழக்கிலும் நிதானம் வேண்டும் என்கிறது அது. அதிகாரியாக இருப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் காணொலியில் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

என் அலுவலகத்தில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். இதுவும் நீதிமன்ற அவமதிப்பில் சேருமா?

சேராது. அது துறை ஒழுங்கு நடவடிக்கை; பணி விதிகளின்படி பதில் கொடுங்கள். விளக்கம் கேட்பது என்ற முறை மட்டுமே இரண்டுக்கும் பொது.

என்ன தண்டனை கிடைக்கும்?

12ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை வெறுங்காவல் சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமையியல் அவமதிப்பில் முதலில் அபராதம். அது போதாது என்று கருதினால்தான் சிறை. தொகை சிறியது என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். அரசு ஊழியருக்கு அந்தப் பதிவு பணி வாழ்க்கை முழுவதும் கூடவே வரும்.

அரசியல் சட்டத்தின் 129, 215 ஆகிய பிரிவுகள் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரத்தை நேரடியாகவே தருகின்றன. பதவி எதுவும் இதற்கு வெளியே இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு கல்கத்தாவிலும் நீதிபதியாக இருந்த சி.எஸ். கர்ணனுக்கு 2017 மே மாதம் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆறு மாதச் சிறை விதித்தது. அவர் கோயம்புத்தூரில் கைது செய்யப்பட்டார்.

மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்களா?

மனமார்ந்த மன்னிப்பு என்று நீதிமன்றம் நம்பினால் விடுவிக்கவோ தண்டனையைக் குறைக்கவோ சட்டமே இடம் தருகிறது. 2018இல் உயர் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசியதற்காக பா.ஜ.க.வின் எச். ராஜா மீது சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே நடவடிக்கை எடுத்தது. அவர் நேரில் வந்து நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டதும் வழக்கு முடிக்கப்பட்டது.

உத்தரவை நிறைவேற்றாமலே கேட்கும் மன்னிப்புக்கு இந்த மதிப்பு இல்லை. எல்லா வாதமும் தோற்ற பிறகு, தண்டனையைக் கேட்ட நிமிடத்தில் நீட்டும் மன்னிப்புக்கும் இல்லை. ஆந்திரத்தில் குண்டூர் மாவட்டத்தில், உயர் நீதிமன்ற உத்தரவை மீறி ஏழைகளின் குடிசைகளை இடித்த தாசில்தார் ஒருவர் பிறகு துணை ஆட்சியராகப் பதவி உயர்வும் பெற்றார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் தாசில்தாராகப் பதவி இறக்கம் செய்து ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. வீடிழந்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால் இது கடுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பு "அப்பீல் போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். அதுவரை உத்தரவு நிற்குமா?

மேல்முறையீடு தாக்கல் செய்வது மட்டுமே தடையாகாது. தடையுத்தரவு என்று தனியாக ஒன்று கையில் இருக்க வேண்டும். அலுவலகங்களில் இதைச் சொல்லியே ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். "தடையுத்தரவு நகல் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

நடைமுறையில் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: தடை கோரும் மனு மேல் அமர்வில் நிலுவையில் இருந்தால், அதை முதலில் முடித்துவிட்டுத்தான் அவமதிப்பைத் தீவிரமாக எடுப்பார்கள். ஆகவே அந்த மனுவை விரைவில் பட்டியலிடச் செய்வது உங்களுக்கும் நல்லது.

உத்தரவே தவறானது. அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. அப்போதும் கீழ்ப்படிய வேண்டுமா?

ரத்தாகும்வரை வேண்டும். 1997இல் தய்யப்பாய் பகசர்வாலா வழக்கில் இதே கேள்வி எழுந்தது. அந்த வழக்கை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றே பின்னர் முடிவானது. ஆனாலும் அதற்கு முன் அமலில் இருந்த இடைக்கால உத்தரவை மீறியது தண்டனைக்குரியதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறென்று நினைத்தால் அதே நீதிமன்றத்திலோ மேல் நீதிமன்றத்திலோ மாற்றக் கேளுங்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மீறாதீர்கள்.

வாடகைதாரர் சமரசத்தில் "மார்ச்சில் காலி செய்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார். செய்யவில்லை. உறுதிமொழி மீறல்தானே?

நீதிமன்றத்துக்கே உறுதிமொழி கொடுத்தாரா, உங்களோடு ஒப்பந்தம் மட்டும் செய்தாரா என்று பார்க்க வேண்டும். வெறும் சமரசத் தீர்ப்பாணையில் உறுதிமொழி இருப்பதாக ஊகித்துக்கொள்ள முடியாது என்று 1979இல் பாபு ராம் குப்தா வழக்கு சொல்கிறது. அப்படியானால் நிறைவேற்று மனுதான் வழி. பிரமாணப் பத்திரத்திலோ, உத்தரவில் பதிவாகும்படியோ நீதிமன்றத்துக்கு உறுதிமொழி தந்திருந்தால் அவமதிப்பு வரும். சமரசம் பேசும்போதே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு சேர்க்க முடியாது.

தீர்ப்பை முகநூலில் விமர்சித்தால் உள்ளே தள்ளிவிடுவார்களா?

முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பல்ல என்று 5ஆம் பிரிவே சொல்கிறது. 2006இல் செய்த திருத்தத்தின்படி, பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மையைத் தற்காப்பாக ஏற்கவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. தீர்ப்பின் காரணங்களைத் தாக்கலாம். ஆதாரமின்றி "காசு வாங்கிக்கொண்டு தீர்ப்பெழுதினார்" என்று நீதிபதியைத் தாக்குவது வேறு.

தமிழ்நாட்டிலேயே இரண்டு முடிவுகள் இருக்கின்றன. 2020இல் நீட் தேர்வு பற்றி நடிகர் சூர்யா வெளியிட்ட அறிக்கைக்காக அவர் மீது நடவடிக்கை வேண்டும் என்று ஒரு நீதிபதி கடிதம் எழுதினார். நடவடிக்கை தேவையில்லை என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் கருத்துச் சொன்னார்; தலைமை நீதிபதி அமர்வும் நடவடிக்கை எடுக்க மறுத்துவிட்டது. 2022 செப்டம்பரில், நீதித்துறை முழுவதும் ஊழல் என்ற பொருளில் பேசியதற்காக சவுக்கு சங்கருக்கு மதுரைக் கிளை ஆறு மாதச் சிறை விதித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்தது. களங்கம் கற்பித்தல் என்ற பிரிவின் எல்லை இன்னும் தெளிவாக இல்லை என்பதும், குடிமக்கள் பேசத் தயங்கும் அளவுக்கு அது விரியக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. ஆனால் உங்கள் சொந்த வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதைப் பற்றி எதையும் பதிவிடாதீர்கள்.

நீதிமன்றத்தைக் கேவலமாகப் பேசிய ஒருவர் மீது நானே வழக்குப் போட முடியுமா?

நேரடியாக முடியாது. குற்றவியல் அவமதிப்பை நீதிமன்றம் தாமாக எடுக்கலாம், அரசுத் தலைமை வழக்கறிஞர் கொண்டுவரலாம். மற்றவர்கள் அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதலுடன்தான் வரலாம். இந்த வடிகட்டி மிகவும் அவசியமானது. அரசியல் பகையைத் தீர்க்க இந்தச் சட்டம் பயன்படாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உரிமையியல் அவமதிப்புக்கு இந்த ஒப்புதல் வேண்டியதில்லை.

என் அவமதிப்பு மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்பீல் உண்டா?

19ஆம் பிரிவு, தண்டிக்கப்பட்டவருக்குத்தான் மேல்முறையீட்டு உரிமை தருகிறது. தனி நீதிபதி தண்டித்திருந்தால் இரு நீதிபதி அமர்வுக்கு 30 நாளுக்குள். அமர்வு தண்டித்திருந்தால் உச்ச நீதிமன்றத்துக்கு 60 நாளுக்குள். மனுவைத் தள்ளுபடி செய்ததை எதிர்த்து உங்களுக்கு அந்தப் பிரிவில் வழியில்லை; அரசியல் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்பது மட்டுமே. அவமதிப்பு வழக்கை விசாரித்த நீதிபதி மூல வழக்கின் தகுதியைப் பற்றியே ஏதாவது தீர்மானித்திருந்தால், அதை அமர்வில் எதிர்க்கலாம் என்று 2006இல் மிதினாப்பூர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

அவமதிப்பு மனு தள்ளுபடியானதால் மூல உத்தரவு செத்துவிடுவதில்லை. அதிகாரி புதிதாக ஓர் ஆணை பிறப்பித்ததால் மனு முடிக்கப்பட்டிருந்தால், அந்த ஆணையை எதிர்த்து ரிட் மனு போடுங்கள். அவமதிப்பு மனுவை முடித்த உத்தரவின் நகலையும் அதில் சேருங்கள். முடிக்கும்போது "சட்டப்படி எதிர்க்கும் உரிமை மனுதாரருக்கு உண்டு" என்ற ஒரு வரியைப் பதிவு செய்யும்படி உங்கள் வழக்கறிஞர் அன்றே கேட்டுவிட்டால், பின்னால் வரும் ஆட்சேபங்களில் பாதி அங்கேயே நின்றுவிடும்.